‘என்ற சொல்’ விட்டுப்போனது

செத்துப்போன மனிதரைப் பற்றி நாலு பேர் நல்லதாகச் சொன்னால் வீட்டு ஆட்கள் சந்தோஷப்படுவார்கள். எனக்குக் கோபம் வந்தது. அன்று ஆடிக் கிருத்திகை. திருத்தணியில் அன்றைக்கு வாசலைத் தாண்டிக் கால் வைக்க முடியாது. எங்கள் தெருமுனை வரை காவடிகள் நின்றுகொண்டிருந்தன. பால் வாங்கப் போன என் வீட்டுக்காரர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, இப்போதைக்கு வர முடியாது, காபியை மறந்துவிடு என்று போன் பண்ணினார். அந்தக் கடுப்பில் போனை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் குடும்பக் குழுவில் அந்தப் படம் வந்து விழுந்தது.

என் பாவாவின் படம். அக்காவின் கணவரை எங்கள் பக்கம் பாவா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அத்தான் என்று கூப்பிட்டால் சினிமா பார்த்துக் கெட்டுப்போய்விட்டாள் என்று சிரிப்பார்கள். பாவா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. படத்தில் அவர் தலைக்குப் பின்னால் யாரோ ஒரு ராக்கெட்டை ஒட்டியிருந்தார்கள். கீழே சிவப்பு எழுத்தில் இப்படி இருந்தது: ‘கணினிக்கு இழையைத் தந்தவர் நம் தமிழர்! அம்மையார்குப்பத்துத் தறியைப் பார்த்து தொண்ணூறுகளில் த்ரெட் என்னும் அற்புதத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி! அதுவரை கணினிக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் தெரியும்! வெளிநாட்டுக் கம்பெனிகள் மறைத்த உண்மை! தமிழன் என்றால் பகிரவும்!’

ராக்கெட் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதை மன்னித்துவிடலாம். மீதியை எப்படி மன்னிப்பது? நான் சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கணினியின் உள்ளே ஓடும் நிரல்களை எழுதும் வேலை பார்ப்பவள். சில வருடங்களாக வீட்டிலிருந்தே பார்க்கிறேன். இந்த த்ரெட்டோடு மாரடித்து மாரடித்தே தலைமுடி பாதி கொட்டிப்போனது.

த்ரெட் ஒன்றும் மாயமந்திரம் இல்லை. போனில் ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள். திரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதே நேரம் அந்தச் செயலி எங்கேயோ இருக்கும் பெரிய கணினியோடு பேசி, இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரே நிரலுக்குள் இப்படித் தனித்தனியாக ஓடும் வேலை ஒவ்வொன்றும் ஒரு த்ரெட். தமிழில் இழை. இது தொண்ணூறுகளில் பிறந்த சமாச்சாரம் கிடையாது. கணினிகள் அறையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அறுபதுகளிலேயே இருந்தது. பெயர்தான் வேறு, டாஸ்க் என்றார்கள். த்ரெட் என்ற சொல்லும் அதே அறுபதுகளில் ஓர் அமெரிக்க ஆய்வேட்டில் வருகிறது. அதை எழுதியவர், இந்தச் சொல் என் சொந்தச் சரக்கு இல்லை, இன்னார் சொன்னது என்று அந்த ஆளின் பெயரையும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். அப்போது எங்கள் பாவா அம்மையார்குப்பத்துத் தெருவில் அரைஞாண் கயிற்றோடு ஓடிக்கொண்டிருந்திருப்பார்.

தப்பைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஹோட்டல் விலைப் பலகையில் எழுத்துப் பிழை இருந்தால் சாக்பீஸ் கேட்பேன். என் வீட்டுக்காரர் இதற்குப் பயந்தே என்னோடு ஹோட்டலுக்கு வருவதைக் குறைத்துவிட்டார். ‘இது பொய், யாரும் பகிர வேண்டாம்’ என்று குழுவில் தட்டினேன். அனுப்பப் போகும்போது கண் மேலே போனது. படத்துக்குக் கீழே அக்கா ஒரு கைகூப்பும் பொம்மையும் ஓர் அழும் பொம்மையும் போட்டிருந்தாள். அக்கா குழுவில் எதுவும் போடுகிற ஆள் இல்லை. பாவா போனதிலிருந்து ஒரு காலை வணக்கம்கூடப் போட்டதில்லை. தட்டியதை அழித்தேன். அழித்துவிட்டு, காவடிச் சத்தம் காதைப் பிளக்க, கூடத்துக்கும் சமையலறைக்கும் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன்.

அக்காவுக்கு அந்தப் படம் என்ன என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பாவா விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவர். தறியை விட்டுச் சென்னைக்குப் போய்க் கணினி கற்றார், கொஞ்ச காலம் ஒரு கம்பெனியில் இருந்தார், அந்தக் கம்பெனி படுத்ததும் ஊருக்கே திரும்பி வந்தார். வாடகை அறை பிடித்து, பழைய கணினிகளைப் போட்டு, தமிழிலேயே பாடம் நடத்தினார். படித்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் ஊரில் அவரை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. அவருடைய பெரியண்ணனுக்குக் கடைசி வரை அவர் ‘டைப் அடிக்கிறவன்’தான். தறி ஓட்டத் துப்பில்லாமல் டைப் அடிக்கப் போனவன். காரியம் முடிந்த பிறகு அக்கா வீட்டுப் படி யாரும் ஏறவில்லை. பேர் சொல்ல ஒரு பிள்ளையாவது இருந்திருக்கலாம் என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள், வெங்காயம் உரித்துக்கொண்டே, அழுகைப் பழியை வெங்காயத்தின் மேல் போட்டு. இப்போது அந்தப் பேரை ஊரே சொல்கிறது. அதைப் போய் நான் எப்படிப் பிடுங்குவது?

பிடுங்கவும் மனம் வரவில்லை, விடவும் முடியவில்லை. மண்டைக்குள் வண்டு குடைகிற மாதிரி இருந்தது. கம்பெனி வேலையை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, இந்தப் பொய் எங்கே பிறந்தது என்று பின்னாலேயே தேடிக்கொண்டு போனேன். படம் ஒரு காணொளியிலிருந்து வெட்டியது. காணொளிக்காரன் விஷயத்தை எடுத்தது, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று நடக்கும் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்திலிருந்து. அதில் ‘இழை’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு ஆதாரமாகக் காட்டியிருந்தது எங்கள் சுற்றுவட்டாரச் செய்தி போடும் ஒரு தளத்தை. அந்தத் தளத்துக்கு மூலம் ஒரு பேனர். பாவாவின் முதல் வருட நினைவு நாளுக்கு அவரிடம் படித்தவர்கள் தெருவில் கட்டியது. பேனரின் படம் என் போனிலேயே இருந்தது. நானும் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டவள்தான். அதில் எழுதியிருந்தது இது: ‘கணினிக்கு இழை என்ற சொல்லைத் தந்தவர்.’

அவ்வளவுதான் விஷயம். செய்தித் தளத்தில் தலைப்புக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. ‘என்ற சொல்’லை வெட்டிவிட்டு, ‘கணினிக்கு இழையைத் தந்தவர்’ என்று போட்டுவிட்டார்கள். சொல்லைக் கொடுத்தவர் பொருளையே கொடுத்தவர் ஆகிவிட்டார். கலைக்களஞ்சியத்தில் தந்தவர் கண்டுபிடித்தவர் ஆனார். காணொளியில் தறி வந்து சேர்ந்தது, வெளிநாட்டுச் சதி வந்து சேர்ந்தது. ராக்கெட் கடைசியில் ஏறிக்கொண்டது. நெசவுக்காரர் ஊரில் பிறந்தவர் இழையைத் தந்தார் என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? வேறு ஊர்க்காரர் யார் மேல் இதைப் போட்டிருந்தாலும் எடுபட்டிருக்காது.

இழை என்ற சொல் பாவா யோசித்து யோசித்து வைத்ததுதான், அதில் பொய் இல்லை. அகராதியைப் பார்த்தால் த்ரெட்டுக்கு நூல் என்று இருக்கும். நூல் என்று வைத்தால் நம் ஆட்கள் புத்தகம் என்று படிப்பார்கள் என்பார் பாவா. இந்த நிரலில் பல நூல்கள் ஓடுகின்றன என்று எழுதினால், நூலகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்பார்கள் என்பார். இன்னொன்றும் சொல்வார். நூல் என்பது கடையில் எடை போட்டு விற்கும் சரக்கு. அது தறியில் ஏறி ஓடும்போது ஒவ்வொன்றும் ஓர் இழை. ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்திவிட்டு முடி போட வேண்டும். கணினியிலும் ஓர் இழை ஏடாகூடமாகப் போனால் அந்த நிரல் மொத்தமும் படுத்துவிடும். அதனால் இழை. இதை அவர் எனக்கு விளக்கியபோது நான் முழுக்க ஆங்கிலத்தில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். தமிழில் இதெல்லாம் யார் கேட்டார்கள் பாவா என்று கிண்டல் பண்ணினேன். அவர் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தப் படம் தமிழோடு நின்றிருந்தால் நான் ஒருவேளை பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். அது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் கையில் போய்ச் சிக்கியது. ஒருவன் பாவாவின் முகத்தில் சிவப்பாகக் கோமாளி மூக்கை ஒட்டி, அடுத்தது மின்சாரத்தையும் இவர்தான் கண்டுபிடித்தார் என்று எழுதியிருந்தான். கீழே ஊர்ப்பட்ட சிரிப்பு. புளுகன் என்று ஒருத்தன், ஏமாற்றுக்காரன் என்று ஒருத்தன். என் பாவா பாடம் நடத்தும்போது யாராவது கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால், தெரியாது, பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் மறக்காமல் சொல்கிற மனிதர். அவரைப் புளுகன் என்று ஒரு முகம் தெரியாத பயல் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? ஒவ்வொருவனுக்கும் பதில் எழுதினேன். ஒருவனுக்கு எழுதி முடிப்பதற்குள் இன்னும் நாலு பேர் முளைத்தார்கள். ரசம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. உலகத்துத் தப்பையெல்லாம் திருத்தி முடித்துவிட்டு எனக்குக் கொஞ்சம் சோறு போடு தாயே என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் அம்மையார்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். சீட் இருந்தும் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனை எடுப்பது, பார்ப்பது, பையில் போடுவது, மறுபடி எடுப்பது. என்னம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கண்டக்டரே கேட்டுவிட்டார். ஆர்.கே.பேட்டையில் பாதிப் பஸ் காலியான பிறகுதான் உட்கார்ந்தேன். அக்காவிடம் எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஒத்திகை எல்லாமே அவள் அழுவதில் போய் முடிந்தது.

அக்கா வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. அந்த வாசலில் அத்தனை செருப்பைப் பார்த்து எவ்வளவோ நாள் ஆகிவிட்டது. உள்ளே பாவாவின் பெரியண்ணனும் நெசவாளர் சங்கத்து ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். சங்கக் கட்டடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கணினி அறை திறக்கப்போகிறார்களாம். அதற்குப் பாவா பெயரை வைப்பதாகப் பேச்சு. பெரியண்ணன், என் தம்பி, விஞ்ஞானி என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தார். டைப் அடிக்கிறவன் எங்கே போனான் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் அக்காவைப் பார்த்தேன். பெட்டியில் வைத்திருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள். எல்லாருக்கும் காபி கொடுத்துவிட்டு, சுவர் ஓரமாக ஒதுங்காமல், நடுக்கூடத்தில் நிமிர்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு நானும் ஒரு டம்ளர் காபி குடித்தேன். காபி நன்றாகவே இருந்தது.

அவர்கள் போனதும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்ததுலேர்ந்து மூஞ்சிய ஏன் அப்டி வச்சிகினு இருக்க? இன்னா விஷயம், சொல்லு."

பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். கத்திச் சொன்னேன். அறுபதுகளையும் அமெரிக்க ஆய்வேட்டையும் சொன்னேன். பேனரைச் சொன்னேன், தலைப்பில் எந்த இரண்டு வார்த்தை விட்டுப்போனது என்று சொன்னேன். கோமாளி மூக்கு ஒட்டிய படத்தையும் காட்டினேன். அதை யாராவது அவளிடம் எப்படியும் காட்டத்தான் போகிறார்கள், என் கையால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அக்கா போனை வாங்கி, விரலால் படத்தைப் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தாள். அவர் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். அதில் கொஞ்சம்கூட அவர் பண்ணவில்லையா என்று கேட்டாள். கொஞ்சம்கூட இல்லை அக்கா, அவர் அப்படி ஒருநாளும் சொல்லவும் இல்லை என்றேன்.

அவள் எழுந்து போய்க் காபி டம்ளர்களைப் பொறுக்கினாள். எல்லாவற்றையும் தொட்டியில் போட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் பயந்த மாதிரி அழவில்லை.

"அப்டின்னா எடுத்துடு. அவருக்குப் பொய்யே ஆவாது. சங்கத்துல நான் சொல்லிக்கிறேன்."

எத்தனை பேருக்கு இப்படிச் சொல்ல வரும்? கிடைத்த மரியாதையைக் கையில் வைத்துக்கொண்டே, இது எங்களுடையது இல்லை, எடுத்துக்கொண்டு போ என்று சொல்வதற்கு ஒரு மனசு வேண்டும். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அக்கா வாசல் வரை வந்து என் கையைப் பிடித்தாள்.

"அந்த வார்த்த அவரு வச்சதுதான? அத்த மட்டும் வுட்டுடு. அது போதும்."

ஆங், அது எங்கே போகப்போகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

செய்தித் தளத்துக்காரர் நல்ல மாதிரி. போன் பண்ணிச் சொன்னதும் தலைப்பை மாற்றி, வருத்தமும் தெரிவித்தார். காணொளிக்காரன், நல்லா ஓடிக்கினு இருக்கே மேடம் என்று இழுத்தான். குடும்பத்து ஆட்களே புகார் கொடுப்போம் என்றதும் எடுத்துவிட்டான். மிச்சம் இருந்தது கலைக்களஞ்சியம். அங்கே இந்தப் பக்கத்தைக் கண்ணில் எண்ணெய் விட்டுக் காத்துக்கொண்டிருந்தவர் புனைபெயரில் எழுதும் ஒரு தொகுப்பாளர். ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. நான் பொய்யை நீக்கினேன். காய் நறுக்கிவிட்டு வந்து பார்த்தால் பொய் பழையபடி உட்கார்ந்திருந்தது. ‘ஆதாரம் உள்ள செய்தியைக் காரணமின்றி நீக்க வேண்டாம்’ என்று ஒரு குறிப்பும் இருந்தது. மறுபடி நீக்கினேன். மறுபடி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கம்பெனிக் கூட்டத்தில் ஒரு காதை வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் இந்த ஆளோடு சண்டை போட்டேன். அன்றைக்கு நான் ஆமாம் ஆமாம் என்று எதற்கெல்லாம் தலையாட்டினேன் என்று எனக்கே தெரியாது.

கடைசியில் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் உரையாடல் பகுதியில் விரிவாக எழுதினேன். பழைய பெரிய கணினிகளின் கையேடுகளைக் காட்டினேன். அந்த ஆய்வேட்டைக் காட்டினேன், அதில் சொல்லுக்குச் சொந்தக்காரரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கும் இடத்தையும் காட்டினேன். செய்தித் தளத்துக்கு மூலம் வெறும் பேனர், பேனரில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதெல்லாம் ஆதாரமே இல்லை என்று அடித்து எழுதினேன். அந்த ஆள் எல்லாவற்றையும் படித்தார். உண்மையிலேயே படித்தார், ஏனென்றால் மறுநாள் ஆய்வேட்டிலிருந்து சரியான பக்கத்தைக் குறிப்பிட்டுப் பதில் வந்தது. நீங்கள் சொல்வது சரி, நீக்கிவிடுகிறேன், பொறுமையாக விளக்கியதற்கு நன்றி என்றிருந்தது. என்னைப் பொறுமையானவள் என்று சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

பொய் போனது. அறுபதுகள் வந்தது, டாஸ்க் வந்தது, எல்லாம் ஒழுங்காக வரிசையில் நின்றது. வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் ஓர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்ட கையோடு, அக்காவுக்குச் சொன்னபடி, ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன். தமிழில் இதற்கு இழை என்ற சொல்லை வைத்தவர் இன்னார்.

வரி நிற்கவில்லை. ஆதாரம் தர முடியுமா என்று அந்தத் தொகுப்பாளர் கேட்டிருந்தார். பேனர் இருக்கிறது என்று எழுதப் போன கையை நிறுத்திக்கொண்டேன். பேனர் ஆதாரம் இல்லை என்று அதே பக்கத்தில் மேலே நானே எழுதி வைத்திருந்தேன். அவரும் அதைத்தான் பணிவாக ஞாபகப்படுத்தினார். ஆங்கிலச் சொல்லுக்கு ஒருவர் தன் ஆய்வேட்டில் பெயர் சொல்லிச் சாட்சி எழுதிவைத்திருக்கிறார், இவருக்கு அப்படி அச்சில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டார். நறுக்கென்று கேட்டார். என் ஆதாரத்தை எடுத்து என் தலையிலேயே வைத்துவிட்டார்.

தேடினேன். பாவாவிடம் படித்தவர்கள் வைத்திருந்த பாடத்தாள்களை வாங்கினேன். நகல் எடுத்து எடுத்துப் பாதி எழுத்து மங்கிப்போன தாள்கள். இழை என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. வருடம் இல்லை, பாவாவின் பெயர்கூட இல்லை. பெயர் போடுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது. இன்னொரு பக்கம் இணையத்தைத் துழாவினால், வேறு வேறு ஊர்களில் இருந்த தமிழ் ஆட்கள் அவரவராகவே யோசித்து இழை என்று எழுதியிருக்கிறார்கள். சிலர் புரி என்று எழுதியிருக்கிறார்கள். யார் முந்தி, யார் பிந்தி என்று சொல்ல வழியில்லை. பாவா அவர்கள் யாரையும் பார்த்து எழுதியவர் இல்லை. அவர்களும் பாவாவைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

நீங்கள் அவருக்கு உறவினரா என்று அந்தத் தொகுப்பாளர் கேட்டார். ஆமாம் என்றேன். இவர்தான் முதலில் வைத்தார் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். இதற்குப் பதில் எழுதாமல் வீடு முழுக்க நடந்தேன். மாடிக்குப் போனேன், துணி காய்ந்துவிட்டதா என்று பார்த்தேன், இறங்கி வந்தேன். அவர் தொனியைப் பார்த்தால், ஆமாம் என்று அடித்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. ‘முடியாது’ என்று எழுதினேன். நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். வேறு எதை எழுதியிருந்தாலும் ராக்கெட் ஒட்டியவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அந்த வரி போனது போனதுதான். அதோடு பாவாவின் பெயரும் அந்தப் பக்கத்திலிருந்து சுத்தமாகப் போனது.

அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். சங்கத்துக்குப் போய், அவர் விஞ்ஞானி இல்லை, அந்த வார்த்தையை மட்டும்தான் வைத்தார் என்று அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். அவர்களும் நல்லது அம்மா, பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். கணினி அறைக்கு ஊர் அம்மன் பெயரை வைத்துவிட்டார்கள். அம்மன் பெயருக்கு யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள். நான்தான் அப்பவே சொன்னேனே, டைப் அடிக்கிறவன்தான் என்று பெரியண்ணன் டீக்கடையில் சொன்னதாகக் காதில் விழுந்தது. அந்த ஆளை நேரில் பார்த்தால் நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அதனால் பார்க்காமல் இருக்கிறேன்.

அந்த வரி போன விஷயத்தை அக்காவிடம் சொல்ல நாள் தள்ளிக்கொண்டே போனேன். அவளும் கேட்கவில்லை. ஐப்பசி மழை விட்டிருந்த ஒருநாள் காலையில் அவளே மலைக்கு வந்தாள். சாமி பார்த்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு எங்கள் வீட்டுக்கு இறங்கினாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லி உட்காரவைத்தேன். நான்தான் உட்காரவில்லை. தண்ணீர் கொண்டுவந்தேன், மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன், ஊர்க்கதை கேட்டேன். அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டச் சொன்னாள்.

எடுத்துக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து உதட்டை அசைத்துப் படித்தாள். பெரிய பக்கம் அது, நான்தான் பெரிதாக்கியிருந்தேன். இழை, இழை என்று வரிக்கு வரி வந்தது. கடைசி வரைக்கும் போனாள். விரலால் தள்ளி மறுபடி மேலே வந்தாள். அடியில் இருக்கும் ஆதாரப் பட்டியலையும் விடவில்லை, அந்த ஆங்கிலப் பெயர்களையெல்லாம் எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"பொய்ய எடுக்கச் சொன்னேன். நீ ஆளையே எடுத்துட்டியேடி."

மூச்சு விடாமல் சொன்னேன். வெறும் வாய்வார்த்தையை அங்கே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், அச்சில் வந்திருக்க வேண்டும், உறவுக்காரர்கள் எழுதக் கூடாது, தாளில் பெயரும் இல்லை வருடமும் இல்லை, வேறு ஆட்களும் அதே சொல்லை வைத்திருக்கிறார்கள், எதைக் காட்டி நான் வாதாடுவது, எனக்கு மட்டும் ஆசை இல்லையா, ஆதாரம் இல்லையே அக்கா. அவள் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னாள்.

"அவரு நூல்னு எழுதி அடிச்சாரு. மறுக்கா வேற எதையோ எழுதி அடிச்சாரு. அப்புறம் இழைன்னு எழுதிட்டு, நல்லா இருக்கான்னு நிமிந்து என்னப் பாத்தாரு. நான் எதிர்க்கதான் ஒக்காந்து நூல் சுத்திகினு இருந்தேன். ரெண்டு கண்ணால பாத்தேன். நான் ஆதாரம் இல்லியா?"

அவள் அதைச் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இந்த விஷயத்தில் விவரம் தெரிந்தவள் நான் என்று நம்பிக் கேட்டாள். ஏதாவது ஒன்றைச் சொல்லி மழுப்பியிருக்கலாம். எனக்கு அது வரவில்லை.

"இல்லக்கா," என்றேன்.

அக்கா தலையை ஆட்டினாள். போனைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். அம்மையார்குப்பத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். குழம்பு இறக்கிவிட்டேன், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். அவள் அதற்குள் வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.